மனிதர்கள் தங்கள் தோற்றத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்படுகிறார்கள்?

நாலு பேர் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்புதான் முதல் காரணம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சின் குழு ஒரு சோதனை செய்து 2000இல் வெளியிட்டது. ஒரு பாடகரின் படம் போட்ட, கூச்சம் தரும் டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மாணவர்களை ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டிருந்தவர்கள் நினைத்தார்கள். கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். மற்றவர்களுக்கு அவரவர் கவலை!

சரி, அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது? கூட்டத்தோடு வாழ்ந்த உயிரினம் நாம். ஒதுக்கப்பட்டால் பிழைப்பது கடினம். அதனால் பிறர் பார்வைக்குப் பயப்படுவது ரத்தத்திலேயே ஊறியது என்பது என் எண்ணம். அதோடு, நம்மை அடுத்தவரோடு ஒப்பிட்டே எடைபோடுகிறோம். இதை உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954இலேயே எழுதிவிட்டார். அன்று ஒப்பிட அக்கம்பக்கத்தார்தான் இருந்தார்கள். இன்று கைப்பேசியில் ஃபில்டர் போட்ட முகங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. யானையோடு எலி போட்டி போடுகிற கதைதான்.

அப்புறம், புகைப்படம் செய்யும் குறும்பு. நமக்குப் பழகியது இடவலம் மாறிய கண்ணாடி முகம். புகைப்படத்தில் வகிடு மறுபக்கம் போய்விடும், லேசாகக் கோணிய உதடு எதிர்ப்பக்கம் கோணும். உடனே "நான் இப்படியா இருக்கிறேன்?" என்று மனம் சுருங்கும். செல்ஃபி இன்னும் மோசம். முகத்துக்கு மிக அருகில் பிடிப்பதால் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாக விழும். அதைப் பார்த்துவிட்டு மூக்கைக் குறை சொல்பவர்கள் ஒருமுறை கையை நன்றாக நீட்டி எடுத்துப் பார்க்கலாம்.