பெற்றோருக்கு மருந்துக் காப்பீடு: மெடிகேர் 'பார்ட் டி' பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரில், 65 வயதைக் கடந்தவர்கள் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுக்காகத் தனியே சேர வேண்டிய 'பார்ட் டி' பகுதி குறித்து வந்த கேள்விகளில் நான்கை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் உள்ள தொகைகள் 2026ஆம் ஆண்டுக்கு உரியவை.

கேள்வி: என் தாயாருக்கு வயது 70. கிரீன் கார்டில் இங்கு வந்து ஐந்து ஆண்டுகள் விரைவில் நிறைவடைய இருக்கின்றன. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை மதுரையிலிருந்து வருகிற உறவினர்கள் மூலம் வரவழைத்துக்கொள்கிறோம். செலவும் மிகக் குறைவு. அப்படியிருக்க, 'பார்ட் டி'யில் சேர்ந்து மாதந்தோறும் பிரீமியம் கட்ட வேண்டிய அவசியம் என்ன? தேவை வரும்போது சேர்ந்துகொள்ளக் கூடாதா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: சேர்ந்துகொள்ளலாம், ஆனால் தேவை வருகிற அன்றைக்கே சேர முடியாது என்பதுதான் சிக்கல். முதல் வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மட்டுமே வாசல் திறக்கிறது. அப்போது சேர்ந்தாலும் காப்பீடு ஜனவரி 1ஆம் தேதிதான் தொடங்கும். உங்கள் தாயாருக்கு ஒரு பிப்ரவரி மாதத்தில் இதயக் கோளாறோ புற்றுநோயோ இருப்பது தெரியவந்தால், அடுத்த ஜனவரி வரை மருந்துக் கடையில் முழு விலையையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும். புற்றுநோய் மாத்திரைகள் சிலவற்றின் ஒரு மாத விலையே பல ஆயிரம் டாலரைத் தாண்டும். காப்பீடு இருந்தால், திட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு அவர் ஓராண்டில் கைக்காசு போடுவது 2,100 டாலரோடு நின்றுவிடும்; 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இந்த உச்சவரம்பு 2025ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. மதுரை மாத்திரையின் விலையையும் பிரீமியத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறார்கள்.

இரண்டாவது, தாமத அபராதம். முதன்முதலில் சேருவதற்கான அவகாசம் முடிந்த பிறகு, தொடர்ந்து 63 நாட்களோ அதற்கு மேலோ தகுதியான வேறு மருந்துக் காப்பீடு இல்லாமல் இருந்தால், அப்படிக் கழிந்த ஒவ்வொரு முழு மாதத்துக்கும் தேசிய அடிப்படைப் பிரீமியத்தில் 1 விழுக்காடு சேர்த்து வசூலிப்பார்கள். இந்த ஆண்டின் அடிப்படைப் பிரீமியம் 38.99 டாலர். 31 மாதங்கள் சும்மா இருந்துவிட்டுச் சேருகிறவருக்கு அபராதம் மாதம் 12.10 டாலர் வரும். அடிப்படைப் பிரீமியம் உயர உயர இதுவும் உயரும். 'பார்ட் டி' இருக்கும் வரை, அதாவது பெரும்பாலும் ஆயுள் முழுவதும், கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊரிலிருந்து தவறாமல் மருந்து வந்துகொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கில் யாரும் காப்பீடாக ஏற்க மாட்டார்கள்.

சேருவதற்கான வழி இது. மெடிகேரின் ஏ, பி ஆகிய இரண்டு பகுதிகளில் ஒன்றேனும் கையில் இருந்தால்தான் 'பார்ட் டி'யில் சேர முடியும். தாயாரோ தந்தையாரோ இந்த நாட்டில் பத்தாண்டுகள் வேலை பார்த்து வரி கட்டியிராவிட்டால், மருத்துவமனைச் செலவுக்கான ஏ பகுதியை மாதம் 565 டாலர் வரை கொடுத்து வாங்க வேண்டும். மருத்துவர் கட்டணம் முதலியவற்றுக்கான பி பகுதிக்கு மாதம் 202.90 டாலர். ஏ பகுதியின் விலைக்கு அஞ்சி பி பகுதியை மட்டும் எடுக்கிற குடும்பங்கள் உண்டு. அவர்களும் 'பார்ட் டி'யில் சேரலாம். ஐந்தாண்டு நிறைவடைந்து மெடிகேருக்குத் தகுதி வரும் மாதம், அதற்கு முந்தைய மூன்று மாதங்கள், பிந்தைய மூன்று மாதங்கள் என ஏழு மாத அவகாசம் இருக்கிறது. ஏ, பி பகுதிகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; 'பார்ட் டி' தனியார் நிறுவனங்கள் நடத்துவது என்பதால், அதற்கு மெடிகேரின் இணையதளத்திலோ அந்தந்த நிறுவனத்திடமோ தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பி பகுதி வந்துவிட்டதால் மருந்துக் காப்பீடும் தானாக வந்திருக்கும் என்று எண்ணி இருந்துவிடுகிறவர்கள் பலர்.

மருந்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் போன்றவை இங்கும் மலிவாகவே கிடைக்கும். ஆனால் நம் ஊரில் சர்க்கரைக்குச் சாதாரணமாக எழுதித் தரப்படும் வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் அனுமதியே இல்லை. அவற்றில் ஏதேனும் ஒன்றை அவர் சாப்பிட்டுவந்தால், இங்குள்ள மருத்துவர் மாற்றாக எதை எழுதுவார் என்று முதலில் கேட்டறிந்து, அந்தப் பெயரை வைத்தே திட்டங்களை ஒப்பிடுங்கள். மாற்று மருந்து எதுவும் தேவைப்படாது, மலிவான மாத்திரைகள் மட்டுமே என்றால், பிரீமியம் மிகக் குறைந்த திட்டம் ஒன்றில் சேர்ந்தாலே போதும். சில மாநிலங்களில் பிரீமியமே இல்லாத திட்டங்களும் இருக்கின்றன.

இன்னொன்று: வருமானம் குறைந்தவர்களுக்கு 'எக்ஸ்ட்ரா ஹெல்ப்' என்னும் உதவி உண்டு. வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 150 விழுக்காட்டுக்கு மிகாமலும், சேமிப்பு தனியாளாயின் 18,090 டாலருக்கும் தம்பதியாயின் 36,100 டாலருக்கும் மிகாமலும் இருந்தால், பிரீமியமும் மருந்துச் செலவும் வெகுவாகக் குறையும்; தாமத அபராதமும் கிடையாது. மகன் வீட்டில் தங்கி மகன் சமைத்துப் போடும் சோற்றைச் சாப்பிடுவதை அவரது வருமானமாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் மதுரையில் வாடகைக்கு விட்டிருக்கும் வீடும் வங்கியில் கிடக்கும் வைப்பு நிதியும் சொத்துக் கணக்கில் சேரும். அவற்றை மறைக்காமல் எழுத வேண்டும். இதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடமும் சோஷியல் செக்யூரிட்டிதான். அதில் தகுதி கிடைக்காவிட்டால், உங்கள் மாநிலமே முதியோருக்காக நடத்தும் 'பாட்' என்னும் மருந்து உதவித் திட்டத்தின் வருமான வரம்பு இன்னும் தாராளமானது என்பதை நினைவில் வையுங்கள். 'பார்ட் டி'யில் சேர்ந்திருப்பது அதற்கும் ஒரு நிபந்தனை.

கேள்வி: எனக்கு வயது 66. இன்னும் வேலையில் இருக்கிறேன். நிறுவனத்தின் காப்பீட்டில் மருந்துகளும் அடக்கம். நானும் அபராதத்துக்கு உள்ளாவேனா? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

பதில்: நிறுவனத்தின் மருந்துக் காப்பீடு மெடிகேரின் அளவுகோலுக்குக் குறையாததாக இருந்தால் உள்ளாக மாட்டீர்கள். குறையாதது என்றோ குறைவானது என்றோ தெரிவிக்கும் கடிதம் ஒன்றை ஆண்டுதோறும் அக்டோபர் 15ஆம் தேதிக்குள் உங்களுக்கு அனுப்ப அவர்கள் கடமைப்பட்டவர்கள். பெரும்பாலும் அது விளம்பரத் தாள்களோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அதைப் பத்திரமாக வைத்திருங்கள். சில ஆண்டுகள் கழித்து 'பார்ட் டி'யில் சேரும்போது, இடைப்பட்ட மாதங்களுக்கு அதுவே சான்று. வேலையை விட்டுக் காப்பீடு நின்ற பின் இரண்டு மாதங்களுக்குள் சேர்ந்துவிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெரியவர் பரிந்துரைத்த திட்டத்திலேயே நானும் சேர்ந்தேன். அவருக்கு மாதம் சில டாலர்தான் செலவாகிறது. எனக்கோ ஜனவரியிலேயே சில நூறு டாலர் போய்விட்டது. திட்டம் ஒன்று, செலவு இரண்டு, இது எப்படி? (இர்விங், டெக்சஸ்)

பதில்: கோயில் அன்னதான வரிசையில் நிற்கும்போது இட்லிப் பொடிக்கு யோசனை கேட்கலாம், மருந்துத் திட்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று இப்பகுதியில் முன்பே எழுதிய நினைவு. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியான மருந்துப் பட்டியல் உண்டு. ஒரே மருந்து ஒரு திட்டத்தில் மலிவான அடுக்கிலும் மற்றொன்றில் விலை கூடிய அடுக்கிலும் இருக்கும்; வேறொன்றில் பட்டியலிலேயே இராது. பட்டியலில் இருந்தாலும், முதலில் மலிவான மருந்தைச் சாப்பிட்டுப் பாருங்கள் என்றோ, மருத்துவர் முன் அனுமதி வாங்க வேண்டும் என்றோ நிபந்தனை விதிப்பார்கள்.

உங்கள் செலவுக்குக் காரணம் பெரும்பாலும் 'டிடக்டிபிள்' ஆக இருக்கும். காப்பீடு பங்கு கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நாமே செலவழிக்க வேண்டிய முதல் தொகை அது. எந்தத் திட்டமும் அதை 615 டாலருக்கு மேல் வைக்க முடியாது. பல திட்டங்கள் அதை, பிராண்டுப் பெயர் இல்லாத மலிவான 'ஜெனரிக்' மருந்துகளுக்கு விலக்கிவிட்டு, பிராண்டு மருந்துகளுக்கு மட்டும் பிடித்தம் செய்கின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவது மெட்ஃபார்மின், நீங்கள் சாப்பிடுவது ஜனுவியா அல்லது எலிக்விஸ் என்றால், ஜனவரியில் அவருக்குச் சில டாலரும் உங்களுக்குச் சில நூறு டாலரும் ஆவது இயல்பே. மெடிகேர் முதன்முதலாக விலை பேசி முடித்த பத்து மருந்துகளில் இவை இரண்டும் இருப்பதால், 2026 ஜனவரி முதல் ஒரு மாத ஜனுவியாவின் விலை 113 டாலராகவும் எலிக்விஸின் விலை 231 டாலராகவும் குறைந்திருக்கின்றன. 2023இல் அவற்றின் பட்டியல் விலை 500 டாலருக்கு மேல் இருந்தது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களாயின், பட்டியலில் உள்ள ஒவ்வொரு வகைக்கும் மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. டிடக்டிபிளும் அதற்குப் பொருந்தாது.

இன்னும் ஒரு காரணம் இருக்கலாம். நீங்கள் மருந்து வாங்கும் கடை, உங்கள் திட்டம் சலுகை தரும் கடைகளில் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். தெருவின் இந்தப் பக்கக் கடைக்கும் அந்தப் பக்கக் கடைக்கும் விலையில் வேறுபாடு இருப்பதைக் கண்டு வியப்பவர்கள் பலர். உறுப்பினர் அட்டையில் உள்ள எண்ணை அழைத்துச் சலுகைக் கடைகளின் பெயர்களைக் கேட்டு, அடுத்த மாத மருந்தை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு ஆண்டு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டுத் தொடக்கத்துச் சுமை தாங்க முடியாததாக இருந்தால், அந்தத் தொகையை மீதி மாதங்களுக்குப் பிரித்துக் கட்டும் ஏற்பாட்டையும் ஒவ்வொரு திட்டமும் தந்தாக வேண்டும், கேட்டால்தான் தருவார்கள். அது தள்ளுபடி அல்ல, தவணை மட்டுமே.

வரும் அக்டோபரில் மாத்திரை அட்டைகளை எல்லாம் மேசைமேல் பரப்பி, பெயரையும் மில்லிகிராம் அளவையும் தாளில் எழுதி, மெடிகேர் இணையதளத்தின் திட்ட ஒப்பீட்டுப் பக்கத்தில் உங்கள் கடையின் பெயரோடு சேர்த்து உள்ளிடுங்கள். பிரீமியத்தைப் பார்க்காமல், ஆண்டு முழுமைக்குமான மருந்துச் செலவும் பிரீமியமும் கூட்டிக் காட்டப்படும் மொத்தத் தொகையைப் பாருங்கள். இந்த ஆண்டு பொருந்திய திட்டம் அடுத்த ஆண்டும் பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. என்னென்ன மாறுகின்றன என்று செப்டம்பர் மாத முடிவுக்குள் திட்டத்திலிருந்து வரும் அறிவிப்பைக் கட்டாயம் படியுங்கள்.

கேள்வி: என் கணவர், மெடிகேரின் ஏ, பி பகுதிகளைத் தனியார் நிறுவனம் வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில், மருந்தும் சேர்ந்த ஒன்றில் இருக்கிறார். மெடிகேரிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர், இதைவிட மலிவான தனி மருந்துத் திட்டம் இருப்பதாகவும், மெடிகேர் எண்ணைச் சொன்னால் உடனே சேர்த்துவிடுவதாகவும் கூறினார். சேரலாமா? தவிர, குளிர்காலத்தில் ஐந்து மாதங்கள் கோயம்புத்தூரில் இருப்போம். அங்கு வாங்கும் மருந்துக்குப் பணம் கிடைக்குமா? (எடிசன், நியூ ஜெர்சி)

பதில்: எண்ணைச் சொல்லாதீர்கள். நாம் கேட்காமல் மெடிகேர் தானாகத் தொலைபேசியில் அழைத்துத் திட்டம் விற்பதில்லை. அவர் சொன்னது உண்மையான திட்டமாகவே இருந்தாலும், அட்வான்டேஜ் திட்டத்தில் இருப்பவர் தனி மருந்துத் திட்டத்தில் சேர்ந்தால், பெரும்பாலான வகைகளில் அவரது அட்வான்டேஜ் திட்டம் ரத்தாகிவிடும். மருந்தில் பத்து டாலர் மிச்சம் பிடிக்கப் போய், தெரிந்த மருத்துவரையும் மருத்துவமனையையும் இழந்து நிற்க நேரும்.

கோயம்புத்தூரில் வாங்கும் மருந்துக்கு எந்தத் திட்டமும் பணம் தராது. புறப்படுவதற்கு முன்பே நீண்ட நாட்களுக்கான மருந்தை மொத்தமாகத் தர முடியுமா என்று திட்டத்தைக் கேளுங்கள். பயணத்தை முன்னிட்டுச் சில திட்டங்கள் அனுமதிக்கின்றன. ஊரில் இருக்கும் மாதங்களுக்குப் பிரீமியம் வீண் என்று காப்பீட்டை நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்க முகவரியை வைத்துக்கொண்டு 63 நாட்கள் காப்பீடின்றி இருந்தால் முதல் பதிலில் சொன்ன அபராதக் கணக்கு தொடங்கிவிடும். அட்வான்டேஜ் திட்டங்களில், ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வெளியூரில் இருந்தால் பொதுவாக உறுப்பினர் பதவியே பறிபோகும் என்பதால், பயணச்சீட்டை மாற்றித் தங்கலை நீட்டிக்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுநிலையான ஆலோசனை வேண்டுமானால், ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்னும் திட்டத்தின் கீழ் இலவச ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. அவர்கள் எதையும் விற்பதில்லை. மெடிகேரின் சொந்த எண் 1-800-633-4227. பேசத் தொடங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று உங்கள் கணவர் கேட்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை.