அம்மா மண்டபத்தில் குழந்தைகளோடு குளிக்கலாமா?

ஆடிப்பெருக்குக்குக் குழந்தைகளோடு ஸ்ரீரங்கம் வருகிறீர்கள், காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்தில் இறங்கிக் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் அளவாக ஓடினால், தடுப்புக்கு இந்தப் பக்கம், படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். ஆனால் “எனக்கு நீச்சல் தெரியும்” என்று முடித்திருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

என் பெரியப்பா மகனுக்கும் நீச்சல் தெரியும். கிணற்றில் கற்றது. மேட்டூர்த் தண்ணீர் கரை நிறைய ஓடிய ஓர் ஆடி மாதம், வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த பையன் பாசிப் படியில் வழுக்கி இழுப்புக்குள் போய்விட்டான். கத்தவே இல்லை. மூச்சுக்கே வாய் போதாதவன் எங்கே கத்துவது? அண்ணன் குதித்தான். பையன் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்ள, இருவருமாக முங்கினார்கள். அத்தைக்கு நீச்சல் தெரியாது. பிழிந்து வைத்திருந்த ஒன்பது கஜப் புடவையின் ஒரு முனையைத் தடுப்புக் கம்பியில் சுற்றிக்கொண்டு மறுமுனையை வீசினாள். எட்டு மீட்டர் துணி! படியை விட்டு இறங்காமலே இரண்டு பேரையும் இழுத்துப் போட்டாள். பையனைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்ற வந்தவர்களையும் அவள்தான் விரட்டினாள். மூச்சு நின்றிருந்தால் வாயில் ஊதி மூச்சுக் கொடுக்க வேண்டும். சுற்றுவதில் நேரம்தான் போகும்.

இன்றுவரை எங்கள் வீட்டில் அண்ணன் காப்பாற்றியதாகத்தான் பேச்சு. பாகப்பிரிவினையிலும் அத்தைக்கு இதே நியாயம்தான். 1989இல் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த சட்டம், அதற்கு முன்பே மணமானவர்களை விலக்கிவிட்டது. அதைக் காட்டியே பெரியப்பா கையை விரித்தார். சரி, அது வேறு கதை.

“காலம் காலமாகக் குளிக்கிறோம், பயமுறுத்தாதே” என்று கீழே யாராவது எழுதுவார்கள். நானும் இந்தக் கரையில் வளர்ந்தவன்தான். ஆற்றுக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. இங்கே வெயில் கொளுத்தும்போது குடகில் கொட்டிய மழை வந்து சேரும். காலையில் பார்த்த படி மாலையில் தெரியாது. அதனால் போலீசார் இறங்க வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். அந்த நாள்களில் கரையிலேயே ஷவர் வைப்பார்கள், பிள்ளைகளுக்கு அது போதும்.

அடுத்து, ஸ்ரீரங்கத்துக்கு மறுபக்கம் ஓடும் கொள்ளிடத்து மணல் திட்டில் விளையாடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். காவிரி தாங்காத வெள்ளத்தை, ஆறு இரண்டாகப் பிரியும் முக்கொம்பு அணையில் அந்தப் பக்கம்தான் திருப்புகிறார்கள். 2018 ஆகஸ்டில் அங்கே 9 மதகுகளே அடித்துக்கொண்டு போயின. தண்ணீர் வடிந்த நாளில்கூட, மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. முழங்கால் அளவில் நடந்துகொண்டிருப்பீர்கள், அடுத்த அடியில் ஆள் முங்கும் ஆழம் இருக்கும்.