வீட்டு நீச்சல் குளத்தில் கலங்கல்: மதுரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

மதுரையைச் சுற்றி வீட்டிலும் தோப்பிலும் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. முதலில் உங்கள் குளம் எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டு வையுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் சுமார் 22,600 லிட்டர். கீழே நான் சொல்லும் அளவுகள் இந்தக் குளத்துக்கானவை. குளோரினும் பி.எச்.சும் (தண்ணீரின் அமில, கார அளவு) பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றும் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் மருந்து போடுவதாக இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

ஒத்தக்கடை: அண்ணே, போர் தண்ணீர் நிரப்பினோம், கண்ணாடி போல இருந்தது. மறுநாள் காலையில் 2 கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டோம். சாயங்காலம் கழனித் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டோம், மோசமாகிவிட்டது. போர் தண்ணீர் கெட்டுப்போனதா?

போர் கெடவில்லை தம்பி. அது சுண்ணாம்பு. நம் பக்கத்தில் தரைக்குக் கீழே கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் நாள்பட நிற்கிற தண்ணீரில் கால்சியம் கரைந்திருக்கும். கரைந்திருக்கும் வரை கண்ணுக்குத் தெரியாது. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். பிளீச்சிங் பவுடரிலும் குளோரின் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் சுண்ணாம்பு. அது பி.எச்.சை ஏற்றியதும் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியமும் வெள்ளைத் தூளாகப் பிரிந்து மிதக்கிறது.

சந்தேகம் இருந்தால் குளத்துத் தண்ணீரை இரண்டு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். ஒன்றில் மட்டும் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, சாறை வடிகட்டி விட்டுக் கலக்குங்கள். இரண்டையும் கறுப்புத் துணிக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். சாறு விட்ட டம்ளர் தெளிந்தால் சுண்ணாம்பு. இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் பாசியோ தூசியோ.

சுண்ணாம்பு என்றால் மருந்து ஆசிட்தான். பி.எச். 7.2-க்கு இறங்க வேண்டும். குளியலறை கழுவ விற்கும் ஆசிட் பெரும்பாலும் நீர்த்தது, சாயமும் இருக்கும், அது வேண்டாம். ரசாயனக் கடையில் சுத்தமான ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதில் ஆசிட் 300 மில்லி. மாற்றி ஊற்றினால் மேலே தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, பம்ப் ஓடும்போது ஆழமான பக்கத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நாலு மணி நேரம் கழித்துப் பி.எச். பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம். ஆசிட் பட்ட வாளியைக் குளோரினுக்கு எடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது விஷ வாயு.

நீங்கள் போட்ட 2 கிலோவுக்கு உங்கள் குளம் நான் சொன்ன அளவாக இருந்தால் 29 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 29 மில்லிகிராம் குளோரின் ஆகிறது. தேவை 1 முதல் 3. அது இறங்கும் வரை பிள்ளைகளை விட வேண்டாம். மதுரை வெயில் அதைச் சீக்கிரம் இறக்கிவிடும். இனிமேல் பிளீச்சிங் பவுடரைச் சாக்கடைக்கு வைத்துக்கொண்டு, குளத்துக்குத் திரவக் குளோரின் வாங்குங்கள். அதில் சுண்ணாம்பு இல்லை.

அழகர்கோவில் சாலை: பத்து நாள் ஊரில் இல்லை. வந்து பார்த்தால் பச்சை கலந்த கலங்கல், படியெல்லாம் வழுக்குகிறது. மயில்துத்தம் போடச் சொல்கிறார் தோட்டக்காரர்.

பாசி. மயில்துத்தம் செம்பு உப்பு. பாசியைக் கொல்லும், ஆனால் அந்தச் செம்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சுவரில் கறை, வெள்ளை முடிக்குப் பச்சைச் சாயம் என்று அது பின்னால் வைக்கும் செலவு பெரிது.

பி.எச்.சை 7.2 முதல் 7.4-க்குள் கொண்டுவாருங்கள். பொழுது சாய்ந்ததும் 12 சதவீதத் திரவக் குளோரின் 2 லிட்டர் ஊற்றினால் 10 பிபிஎம் வரும். பகலில் ஊற்றுவது வீண். உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். கேனைப் புதிதாக வாங்குங்கள். வெயிலில் கிடந்த கேனில் வாசனைதான் மிச்சம் இருக்கும். சுவரையும் படியையும் பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் உள்ளே ஒட்டியிருக்கும் பாசிக்கு மருந்து சேரும். காலையில் குளோரின் காணாமல் போயிருந்தால் பாசி இன்னும் சாகவில்லை, அன்று மாலையும் ஊற்றுங்கள்.

பச்சை போய் சாம்பல் வெள்ளையாகும். பலர் அங்கேதான் பயந்து வேறெதையாவது கொட்டுகிறார்கள். அது செத்த பாசி. அதை அள்ள வேண்டியது ஃபில்டர். இரவு பகலாகப் பம்பை ஓட்டிவிட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள்.

திருமங்கலம்: குடத்துத் தண்ணீருக்குத் தேற்றாங்கொட்டை உரைப்போமே, படிகாரமும் போடுவோமே, குளத்துக்கு ஆகாதா?

தேற்றாங்கொட்டை குடத்தோடு இருக்கட்டும் அக்கா. குளத்துக்குப் போட்டால் குளோரினுக்கு அதுவே தீனி. படிகாரம் ஆகும், ஆனால் கடைசி ஆயுதமாக. ஆயிரம் லிட்டருக்கு 30 முதல் 50 கிராம், நம் கணக்குக் குளத்துக்குச் சுமார் 700 கிராம் முதல் 1.1 கிலோ வரை. பொடித்து வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றுங்கள். வால்வை ‘ரீசர்குலேட்’டில் வைத்து, அதாவது தண்ணீர் ஃபில்டரின் மணல் பக்கம் போகாமல், இரண்டு மணி நேரம் சுற்றவிட்டுப் பம்பை நிறுத்துங்கள். காலையில் அடியில் பஞ்சு மாதிரி வண்டல் உட்கார்ந்திருக்கும். இறங்கிக் கலக்காமல் வாக்குவம் வைத்து, ‘வேஸ்ட்’ வழியாக நேரே வெளியே விடுங்கள். ஃபில்டருக்குள் விட்டால் மணல் அடைத்துக்கொள்ளும். படிகாரம் பி.எச்.சை இறக்கும், பிறகு அளந்து சரிசெய்யுங்கள்.

நாகமலை புதுக்கோட்டை: ஐயா, தினமும் இரண்டு மணி நேரம் பம்ப் ஓட்டுகிறோம், தினமும் பேக்வாஷ் (தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டர் மணலைக் கழுவுவது) செய்கிறோம். போன வருஷம் மணலும் மாற்றினோம், நல்ல வைகை மணல். ஆனாலும் மங்கல் போகவில்லை.

மூன்றும் தப்பாகப் போயிருக்கிறது சார். ஆற்று மணலில் பருமணல், பொடி, களிமண் எல்லாம் கலந்திருக்கும். ஃபில்டருக்கு வேண்டியது 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் சிலிகா மணல், மூட்டையிலேயே அளவு போட்டிருக்கும். அது ஐந்து வருஷத்துக்குக் குறையாமல் உழைக்கும்.

பேக்வாஷ் அதிகமானாலும் கெடுதல். லேசாக அழுக்குப் பிடித்த மணல்தான் நுண்ணிய தூசியைப் பிடிக்கும். பேக்வாஷ் முடிந்ததும் அழுத்தமானியில் என்ன காட்டுகிறது என்று எழுதிவைத்து, அதிலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறிய பிறகு அடுத்ததைச் செய்யுங்கள்.

அப்புறம், ஓட்டும் நேரம். குளத்தின் கொள்ளளவு முழுவதையும் பம்ப் ஒரு தரம் இழுத்தாலும், உள்ளே போன தண்ணீரே திரும்பப் போவதால், உண்மையில் ஃபில்டரைக் கடந்திருப்பது சுமார் 63 சதவீதம்தான். மூன்று சுற்றில்தான் 95 சதவீதம். கோடையில் தினம் எட்டு மணி நேரமாவது ஓடட்டும், கலங்கல் இருக்கும்போது நிறுத்தவே வேண்டாம். கரண்ட் பில் ஏறும், சரிதான். மருந்துச் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வில்லாபுரம்: பம்ப் போட்டால் மட்டும் பால் மாதிரி ஆகிறது, நிறுத்தினால் தெளிகிறது.

காற்றுக் குமிழி. டம்ளரில் பிடித்தால் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளியும். பம்ப் கூடை மூடியின் ரப்பர் வளையத்தையும் உறிஞ்சும் பக்கத்துக் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். மருந்து எதுவும் வேண்டாம்.

வாடிப்பட்டி: இரண்டு வருஷமாக மிதவையில் குளோரின் மாத்திரைதான். சோதனையில் குளோரின் நன்றாகவே காட்டுகிறது, ஆனாலும் பாசியும் மங்கலும்.

அந்த மாத்திரையில் குளோரினோடு சயனூரிக் அமிலமும் இருக்கிறது. 1 பிபிஎம் குளோரினுக்கு 0.6 பிபிஎம் அளவுக்கு அது சேரும். குளோரின் செலவாகிவிடும், இது ஆவியாகவும் செய்யாது. 30 முதல் 50 வரை இருந்தால் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும். நூறைத் தாண்டினால் குளோரினின் கையைக் கட்டிப்போட்டுவிடும். பாதித் தண்ணீரை மாற்றுவதுதான் வழி. மாத்திரை இருந்த மிதவையிலோ டப்பாவிலோ பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

கே.கே.நகர்: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு பிள்ளைகள் நேராகக் குளத்தில் குதிக்கிறார்கள்.

சீயக்காய் போட்டுக் குளித்த பிறகு குதிக்கட்டும். எண்ணெய் குளோரினையும் தின்னும், மணலையும் கட்டியாக்கும்.

உசிலம்பட்டி: தோட்டத்தில் பம்புசெட் தொட்டி, ஃபில்டர் கிடையாது. பிள்ளைகள் தினம் ஆட்டம்தான். கேரளாவில் 2024-இல் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி பார்த்ததிலிருந்து வீட்டில் பயம். என்ன செய்யலாம்?

பயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த அமீபா குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் வளரும், மூக்கு வழியாக ஏறும். குடித்தால் ஒன்றும் செய்யாது. அபூர்வம்தான், ஆனால் வந்தவர்களில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஃபில்டர் இல்லாத தொட்டியில் தண்ணீரைத் தெளியவைக்கப் பாடுபடுவதை விட மாற்றுவதே சரி. உங்களுக்குத் தண்ணீர் போகப் பயிர் இருக்கிறதே. மூன்று நாளுக்கு ஒரு முறை தென்னைக்குத் திறந்துவிட்டு, சுவரைத் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். இடையில் குளோரின் 1 பிபிஎம்முக்குக் குறையாமல் பாருங்கள். திறந்துவிடும் நாளில் மட்டும் மருந்து போடாமல், வெயில் தின்ற பிறகு பாய்ச்சினால் மரத்துக்குக் கேடில்லை. அடி வண்டலைப் பிள்ளைகள் கிளறக் கூடாது.

மேலூர்: நாளைக்குக் காதுகுத்து, முப்பது பேர் வருகிறார்கள். குளம் இன்னும் மங்கல். குளோரின் 2, பி.எச். 7.4. பிள்ளைகளை இறக்கலாமா?

அளவெல்லாம் சரி. ஆழமான முனையில் அடித் துவாரத்தின் சல்லடை மேலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதா? தெரியாவிட்டால் இறக்கக் கூடாது. கூட்டத்தில் ஒரு பிள்ளை அடியில் போய்விட்டால் மேலே நிற்கிற யாருக்கும் தெரியாது. நாளைக்கு விருந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குளத்துக் கேட்டைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பம்ப் மட்டும் ஓடட்டும்.