தங்க வயல்களுக்குப் போன தனியார் தபால்: கேள்வி பதில்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 1849 முதல் 1895 வரை தனியார் எக்ஸ்பிரஸ் கம்பெனிகள் தூக்கிச் சென்ற கடிதங்கள்தான் என் சேகரிப்பு. வந்த கேள்விகளுக்குக் கைக்கு வந்தபடி பதில் எழுதுகிறேன். நான் ஃபிராங்க் என்று சொல்வது, தன் கூலி வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கம்பெனி உறையின் மேல் அச்சடித்திருக்கும் வரி.

திருச்சி வாசகர்: அரசாங்கத் தபால் இருந்ததுதானே? பிறகு ஏன் தனியாரிடம் போனார்கள்?

தபால் நிலையம் இருந்தது சான் பிரான்சிஸ்கோவில், ஆட்கள் இருந்தது மலையில். 1848 ஜனவரியில் கொலோமாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடமே சியரா நெவாடா அடிவாரத்து ஓடைக்கரையெல்லாம் கூடாரங்கள். கிழக்கிலிருந்து வரும் கடிதங்கள் பனாமா வழியாகக் கப்பலில் வந்து சான் பிரான்சிஸ்கோவில் குவியும். நேரில் போய் வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். அந்த வரிசையில் இடம் பிடித்து விற்றுப் பிழைத்தவர்களே உண்டு. கடிதம் வந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாமல், தோண்டுகிற குழியை விட்டுவிட்டு நாட்கணக்கில் நடந்து எவன் போவான்?

1849இல் அலெக்சாண்டர் டாட் என்பவர் இதில் பிழைப்பைக் கண்டுபிடித்தார். முகாம் முகாமாகப் போய்ப் பெயர்களை எழுதிக்கொள்வார். பெயருக்கு 1 டாலர். சான் பிரான்சிஸ்கோவில் விசாரித்துக் கடிதம் இருந்தால் கொண்டுவந்து தருவார். அதற்கு ஒரு அவுன்ஸ் தங்கத்தூள். அன்றைய கணக்கில் 16 டாலர். கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியா வரை கொண்டுவர அரசாங்கம் வாங்கியது 40 சென்ட். கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அதைப்போல் 40 மடங்கு! கொடுத்தார்கள், சந்தோஷமாகவே கொடுத்தார்கள்.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு எக்ஸ்பிரஸ் தொடங்கினார்கள். ஃபெதர் ஆற்றுப் பக்கம் வைட்டிங் என்பவர் பனிக்காலத்தில் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் கடிதம் கொண்டு போனார். சின்னவர்கள் மலையிலிருந்து இறக்கிக் கொடுப்பார்கள். ஆடம்ஸ், வெல்ஸ் ஃபார்கோ மாதிரிப் பெரியவர்கள் வாங்கி மேலே அனுப்புவார்கள். 1855 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் வங்கிகள் சரிந்தபோது ஆடம்ஸ் விழுந்தது, வெல்ஸ் ஃபார்கோ தாக்குப்பிடித்தது. இதையெல்லாம் கவரிலேயே, அதாவது கடிதம் போன உறையிலேயே பார்க்கலாம். ஒரே கவரில் சின்னக் கம்பெனியின் முத்திரையும் பெரிய கம்பெனியின் முத்திரையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கடிதம் எந்த ஊரில் கை மாறியது என்று தெரிந்துவிடும். யார், எதுவரை, எவ்வளவுக்குத் தூக்கினார் என்று படிப்பதுதான் இந்தச் சேகரிப்பு. தபால்தலை இரண்டாம்பட்சம்.

ஈரோடு வாசகர்: இணையத்தில் ஒரு போனி எக்ஸ்பிரஸ் கவர் 3,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். குதிரையில் ஆள் மாற்றி ஆள் கடிதம் கொண்டுபோன போனி எக்ஸ்பிரஸ் ஓடியது 1860 ஏப்ரல் முதல் 1861 அக்டோபர் வரை. அரை அவுன்ஸுக்கு முதலில் 5 டாலர், பிறகு 2, கடைசியில் 1 டாலர். அந்தக் காசு கொடுத்து எழுதியவர்களே குறைவு. இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவை சுமார் 250 கவர்கள். அதில் ஒன்று 3,000 ரூபாய்க்கு வராது. நல்ல கவர் என்றால் நியூயார்க்கின் ஃபிலாட்டலிக் ஃபவுண்டேஷன் போன்ற இடத்தின் சான்றிதழோடு வரும். சான்றிதழ் இல்லையா, பையை மூடுங்கள்.

சென்னை வாசகி: புதிதாகத் தொடங்க எது நல்லது?

வெல்ஸ் ஃபார்கோ, 3 சென்ட் தபால்தலை பொறித்த அரசு உறை, 1870களிலும் 1880களிலும் போனவை. நிறையக் கிடைக்கும், கைக்கு அடங்கிய விலை. ஊர் ஊராகச் சேர்க்கலாம். பெரும்பாலும் நீல நிறத்தில் நீள்வட்ட முத்திரை, நடுவில் ஊர்ப் பெயர். சான் பிரான்சிஸ்கோ தெருவுக்குத் தெரு கிடைக்கும். தூர்ந்துபோன சுரங்க ஊர் என்றால் விலை ஏறும்.

தேதி பார்ப்பதுதான் சிக்கல். பழைய முத்திரைகள் பலவற்றில் மாதமும் நாளும் இருக்கும், வருடம் இருக்காது. உறையைப் பாருங்கள், அது சொல்லும். நெஸ்பிட் அச்சடித்த சிவப்பு 3 சென்ட் உறை 1853இல் வந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியதும் பழைய உறைகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள், 1861இல் இளஞ்சிவப்பு வந்தது. பச்சை 1870இல். 1883 அக்டோபரில் கட்டணம் 2 சென்டாக இறங்கியது. சிவப்பு உறையில் 1870களின் முத்திரை இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. ஃபிராங்க் அச்சடித்துப் பயன்படுத்தாமலே விட்ட வெற்று உறைகள் நிறைய உண்டு. அதில் யாரோ பின்னாளில் விலாசம் எழுதி, முத்திரை செய்து குத்துவது எளிது. விலை கூடின கவரைச் சான்றிதழ் இல்லாமல் வாங்காதீர்கள்.

சேலம் தம்பி: ஆல்பத்தில் இடமில்லை. தபால்தலை இருக்கும் மூலையை மட்டும் வெட்டி வைக்கலாமா?

கத்தரிக்கோலைக் கீழே வை தம்பி.

நாகர்கோவில் அண்ணாச்சி: உங்கள் கவர்கள் பல, தபால் நிலையத்துக்குள் போகவே இல்லை. அதில் இருக்கும் 3 சென்ட் அரசு தலை வெறும் அலங்காரம். இதைப் போய்த் தபால் வரலாறு என்கிறீர்களே, கூரியர் ரசீதையும் சேர்த்துக்கொள்வீர்களோ?

அண்ணாச்சி, அந்த 3 சென்டில்தான் விஷயமே இருக்கிறது. தபால் சாலைகளில் தனியார் கடிதம் தூக்கக் கூடாது என்று 1845இல் சட்டம் போட்டார்கள். கலிபோர்னியாவில் அது எடுபடவில்லை. 1852 ஆகஸ்டில் இன்னொரு சட்டம்: தலை பொறித்த அரசு உறையில் வைத்தால் தனியாரும் கொண்டு போகலாம். கிழிக்காமல் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும், விலாசம் இருக்க வேண்டும், தேதி உறையில் தெரிய வேண்டும். கம்பெனிகள் அந்த உறைகளை மொத்தமாக வாங்கி, மேலே தங்கள் ஃபிராங்கை அச்சடித்து விற்றன. மக்கள் இரண்டு பேருக்கும் காசு கொடுத்தார்கள். அரசுக்குப் போனதை அலங்காரம் என்று சொல்லாதீர்கள், அது கப்பம்.

அண்ணாச்சி மறுபடி: கப்பம் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். வேலை செய்யாமல் வாங்கிய காசு. அதில் தபால் எங்கே வந்தது?

கும்பகோணம், ஓய்வு பெற்ற தபால் ஊழியர்: லாபம் வருகிற பாதையை மட்டும் தனியார் எடுத்துக்கொண்டால், வருமானமில்லாத ஊர்களுக்கு யார் கொண்டு போவது? அந்த 3 சென்ட் அதற்குத்தான்.

ஐயா சொல்வதில் பாதி நியாயம். மீதிப் பாதிக்கு, மலை ஊர்களில் அரசுத் தபால் நடந்த லட்சணத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் அண்ணாச்சிக்கு நான் சொல்ல வந்தது வேறு. இரண்டு கவர்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது, கலிபோர்னியாவின் நெவாடா சிட்டியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, முழுக்க வெல்ஸ் ஃபார்கோ கையில். இங்கே 3 சென்ட் வெறும் கப்பம்தான், வாதாடவில்லை. இரண்டாவது, அதே நெவாடா சிட்டியிலிருந்து பாஸ்டனுக்கு, 1855க்கும் 1861க்கும் நடுவில். 3,000 மைலுக்கு மேல் என்பதால் 10 சென்ட் உறை. சான் பிரான்சிஸ்கோ வரை வெல்ஸ் ஃபார்கோ கொண்டு போய் அங்கே தபால் நிலையத்தில் போட்டிருந்தால், அரசு முத்திரை விழும், மிச்சத் தூரம் முழுக்க அரசுத் தபால். அந்த 10 சென்ட் உழைத்த காசு. இரண்டிலும் தலை பொறித்த உறைதான், ஃபிராங்க்தான். முத்திரை எங்கே விழுந்தது என்று பார்க்காமல் எது கப்பம், எது கூலி என்று சொல்ல முடியாது.

அண்ணாச்சி: சரி, பாஸ்டன் கவரை விட்டுக்கொடுக்கிறேன். சான் பிரான்சிஸ்கோ கவரை விட மாட்டேன்.

விடாதீர்கள். எனக்கு அனுப்பிவிடுங்கள்.

கரூர் வாசகர்: போனி எக்ஸ்பிரஸ் அரசாங்கத்துடையதா, தனியாரா?

தனியார். ரஸ்ஸல், மேஜர்ஸ், வாடெல் என்ற மூவர் தொடங்கியது. 1861 ஜூலை முதல் அரசு ஒப்பந்தத்துக்குள் வந்தது. அக்டோபரில் தந்திக் கம்பி கண்டத்தைக் கடந்ததும் கதை முடிந்தது.

டொராண்டோ வாசகி: கனடாவில் இப்படி இருந்ததா?

இருந்தது, அழகான பகுதி. 1858இல் ஃபிரேசர் ஆற்றில் தங்கம் என்றதும் கலிபோர்னியாவிலிருந்து கூட்டம் மேலே ஏறியது. பில்லி பல்லூ கூடவே எக்ஸ்பிரஸோடு போனார். பிறகு பிரான்சிஸ் பர்னார்ட், யேல் ஊரிலிருந்து கரிபூ தங்க வயல்கள் வரை முதலில் கால்நடையாகவே கடிதம் சுமந்தார். கீழே விக்டோரியா பக்கம் டீட்ஸ் அண்ட் நெல்சன், யேலில் பர்னார்டிடம் கை மாற்றும். இரண்டு பெயரும் சேர்ந்து விழுந்த கவர் கிடைத்தால் விடாதீர்கள், சான்றிதழ் பார்த்துவிட்டு.

மதுரை வாசகர்: பட்டர்ஃபீல்டு கோச் கவர் எக்ஸ்பிரஸில் சேருமா?

சேராது. 1858இல் தொடங்கிய அந்தக் குதிரைவண்டி அரசுத் தபால் ஒப்பந்தம். தனி ஆல்பம் போடுங்கள்.

தஞ்சாவூர் வாசகர்: இந்தியாவில் தனியார் தபால் கவர் சேர்க்கலாமா?

என் களம் இல்லை. 1837 சட்டம் கடிதம் தூக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசுக்கே கொடுத்துவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்திய அஞ்சல் வரலாறு சேர்ப்பவர்களைக் கேளுங்கள்.

வேலூர் வாசகர்: "அநாதைகளுக்கு முன்னுரிமை" என்று குதிரை ஓட்ட ஆள் கேட்டுப் போனி எக்ஸ்பிரஸ் கொடுத்த விளம்பரத்தின் அசல் எங்கே கிடைக்கும்?

எங்கேயும் கிடைக்காது. 1860ஆம் வருடத்துப் பத்திரிகை எதிலும் அந்த விளம்பரத்தை யாரும் கண்டெடுத்ததில்லை. போஸ்டராக விற்பது பின்னாள் சரக்கு.

கோவை வாசகர்: இன்றைய வெல்ஸ் ஃபார்கோ வங்கி அதே கம்பெனியா?

வேர் ஒன்றுதான். 1852இல் தொடங்கியது, 1895இல் கடிதம் தூக்குவதை விட்டது, 1905இல் வங்கியும் எக்ஸ்பிரஸும் பிரிந்தன. பழைய கவரோடு வங்கிக் கிளைக்குப் போய் நிற்காதீர்கள்.

திண்டுக்கல் வாசகர்: தாத்தா பெட்டியில் குதிரை ஓட்டுபவர் படம் போட்ட, போனி எக்ஸ்பிரஸ் என்று எழுதிய தலை இருந்தது. கோடி வருமா?

3 சென்ட் என்றால் 1940இல் 80 வருட நினைவுக்கு, 4 சென்ட் என்றால் 1960இல் நூற்றாண்டுக்கு அமெரிக்க அரசு வெளியிட்டது. ஒரு டீ காசு தேறும். இன்றைக்கு இதற்கு மேல் போனி கேள்வி எடுப்பதாக இல்லை. சின்னக் கம்பெனிகளைப் பற்றிக் கேட்பவர்கள் கவரின் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்புங்கள், முத்திரை பின்பக்கம்கூட இருக்கும்.