குழாய் நுனியில் ஒரு துளி

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

தொடக்கப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். 'தண்ணீர்' என்ற தலைப்பில் குழந்தைகளைக் கவிதை எழுதச் சொன்னேன். ஏறத்தாழ எல்லோருமே 'நீரைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம்' என்ற வகையில்தான் எழுதியிருந்தார்கள். எதுகை, மோனையை முதலில் கற்பித்திருக்க வேண்டுமோ? எழுதியதை எந்த அளவுக்குத் திருத்தலாம்?

அன்புடன்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

குழந்தைகள்மீது தவறில்லை. 'தண்ணீர்' என்றதும் என்ன விடை எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் பாடங்களிலும் சுவரொட்டிகளிலும் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். அதையே எழுதித் தந்திருக்கிறார்கள். தலைப்பை மாற்ற வேண்டியதில்லை, சிறிதாக்கினால் போதும். மூடிய குழாயின் நுனியில் விழாமல் தொங்கும் ஒரு துளியைச் சுற்றி நின்று சில நிமிடங்கள் பார்க்கட்டும், அது விழும் ஓசையைக் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் சொற்களையெல்லாம், பொருந்தாதவை என்று உங்களுக்குத் தோன்றுபவற்றையும் சேர்த்து, கரும்பலகையில் எழுதி வையுங்கள். மாதிரிக்கென்று நீங்கள் ஒரு கவிதையை எழுதிக் காட்ட மட்டும் வேண்டாம். வகுப்பு முழுவதும் அதன் நகலாகிவிடும்.

அடுத்தது உவமை. 'இது எதைப் போல இருக்கிறது?' என்று பொதுவாகக் கேட்டால் 'முத்தைப் போல' என்ற விடையே திரும்பத் திரும்ப வரும். வினை, பயன், மெய், உரு என்ற நான்கின் வழியாக உவமை தோன்றும் என்கிறது தொல்காப்பியத்தின் உவமவியல்; அதாவது செயல், பயன், வடிவம், நிறம். இலக்கணமாக நாம் மனப்பாடம் செய்த இந்த நான்கையும் எட்டு வயதுக் குழந்தையிடம் அப்படியே நான்கு கேள்விகளாகக் கேட்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். வடிவத்தையும் நிறத்தையும் கேட்டால் முத்தும் கண்ணாடியும்தான் வரும். ஆனால் 'இந்தத் துளி என்ன செய்கிறது? இதே போல வேறு யார் செய்வார்கள்?' என்று கேட்டுவிட்டு அவசரப்படுத்தாமல் காத்திருந்தால், பள்ளி வாசலில் அம்மாவின் கையை விடாமல் நிற்கும் தம்பியை ஒரு குழந்தை நினைத்துக்கொள்ளக்கூடும். அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுதத் தடுமாறும் குழந்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எதுகையும் மோனையும் பிறகு வரட்டும். முதலிலேயே வற்புறுத்தினால், ஓசைக்கு ஒத்த சொல்லைத் தேடும் அவசரத்தில் குழந்தை தான் பார்த்ததைக் கைவிட்டுவிடும். எழுதியதை உரக்கப் படிக்கும்போது முதலெழுத்தோ இரண்டாம் எழுத்தோ தானாக ஒத்து வந்திருந்தால், அந்த இடத்தில் நிறுத்தி அந்த ஓசையைக் கவனிக்கச் செய்யுங்கள்.

எழுத்துப்பிழைகளைப் படியெடுக்கும்போது திருத்தலாம். சொற்களை மட்டும் நீங்கள் மாற்ற வேண்டாம். 'எந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் பொருள் குறையாது?' என்று கேட்டு, அந்தச் சொல்லை அந்தக் குழந்தையே நீக்கும்படி விட்டுவிடுங்கள். துளியைப் பற்றி அவர்கள் எழுதுபவற்றைப் படியெடுப்பதற்கு முன்பே, பிழைகளோடு, எனக்கு அனுப்பி வைத்தால் மகிழ்வேன்.