கருடக்கொடி – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீடு திருவட்டாறு பக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் சிகிச்சை, நான்கு கீமோ முடிந்திருக்கிறது. பாட்டி எங்கள் விளையில் நிற்கும் கருடக்கொடியின் வேரைக் காயவைத்துப் பொடித்து வைத்திருக்கிறார். பாம்பு விஷத்துக்கே கேட்கும் மருந்து புற்றுக்குக் கேட்காதா என்கிறார். உறவினர் ஒருவரும், மூலிகைகள் புற்றைக் குணப்படுத்தும் என்று ஆசிய விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டதாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். பக்கவிளைவு இல்லாத பொருள்தானே, கீமோவோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

இன்னொரு சந்தேகம். சென்ற மாதம் பேச்சிப்பாறையில் மூலிகைகளைக் கணக்கெடுக்க வந்த கல்லூரி மாணவர்கள் பட்டாம்பூச்சிகளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் என்ன தொடர்பு?

ர.

அன்புள்ள ர.,

கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் அந்தப் பொடியை அடுக்களையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள், எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவாரே என்று மறைக்க வேண்டாம். கீமோ மருந்துகளில் சில சிறுநீரகத்துக்கே பெரும் சுமை. அதற்கு மேல் இன்னொரு சுமை ஏறியிருந்தால் அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

கருடக்கொடி, ஈஸ்வரமூலி, பெருமருந்து என்றெல்லாம் நம் பக்கம் சொல்லும் கொடியின் அறிவியல் பெயர் அரிஸ்டலோக்கியா இண்டிகா. அரிஸ்டலோக்கியா இனத்துச் செடிகளில் அரிஸ்டலோக்கிக் அமிலம் என்ற நஞ்சு இருக்கிறது. சிறுநீரகத்தை அது மெல்ல மெல்லச் சுருங்க வைக்கும். பல ஆண்டுகள் கழித்து, சிறுநீர் இறங்கும் பாதையில் புற்றாக வந்து நிற்கும். 1993-இல் பெல்ஜியத்தில் இது வெளியே தெரிந்தது. உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் கெட்டது. சீன மொழியில் ஃபாங்ஜி என்ற பெயர் இரண்டு வெவ்வேறு செடிகளுக்கு வழங்கியதால், ஒன்றுக்குப் பதில் அரிஸ்டலோக்கியா மாத்திரைக்குள் போயிருந்தது. நம்மிடமும் ஆகாச கருடன் என்றொரு கிழங்கு உண்டு. கருடக்கொடிக்கும் அதற்கும் உறவே கிடையாது. பெயரை மட்டும் கேட்டு மருந்து பறிக்கிற எவருக்கும் இந்தப் பிழை நேரலாம்.

உங்கள் உறவினர் சொன்ன ஆசிய ஆராய்ச்சிக்கு வருகிறேன். தைவானில் 1997-க்கும் 2003-க்கும் இடையில் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நஞ்சு கலந்த மூலிகை மருந்து எழுதித் தரப்பட்டிருந்தது. ஒளிவுமறைவாகத் தந்ததில்லை, முறையான மருத்துவர்கள் எழுதியது. சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதியில் வரும் புற்று உலகிலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்று தைவான். அங்கே கட்டிகளின் மரபணுவைப் படித்தபோது, அரிஸ்டலோக்கிக் அமிலம் மட்டுமே விட்டுச்செல்லும் ஒருவகைத் தழும்பு அவற்றில் இருந்தது. 2017-இல் தைவான் நோயாளிகள் 98 பேரின் கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்தார்கள். 78 விழுக்காட்டில் அதே தழும்பு. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றை உண்டாக்குவது உறுதி என்று புகையிலையை வைத்திருக்கும் அதே முதல் பட்டியலில் 2002-லேயே இந்த மூலிகைகளைச் சேர்த்துவிட்டது. நிரூபித்திருக்கிறார்கள்தான். நிரூபித்தது இதை.

இனி பட்டாம்பூச்சி. மாறாமலை, காளிகேசம் பக்கம் மழை விட்ட காலை வேளையில், தெச்சிப்பூவின் மேல் கறுப்பும் பொன்மஞ்சளுமாக ஒன்று வந்து படபடக்கும். சிறகை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு சாண். சின்ன வயதில் முதன்முறை பார்த்தபோது குருவி என்றே நினைத்தேன். மலையாளத்தில் அதற்குக் கருடசலபம் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் பொருளும் பறவைச் சிறகுதான். அதன் புழு தின்பது இந்த அரிஸ்டலோக்கியா குடும்பத்துச் செடிகளை மட்டுமே. தாய் வந்து முன்காலால் இலையைத் தட்டிப் பார்க்கும். காலிலேயே சுவை அறியும் உறுப்பு இருக்கிறது. சரியான இலை என்று தெரிந்த பிறகே முட்டையிடும். புழு இலையோடு சேர்த்து நஞ்சையும் தின்று உடம்பில் சேர்த்து வைக்கிறது. கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்த பிறகும் அந்த நஞ்சு உடம்பில் இருக்கும். ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கொத்தாது. சிவப்புடல் அழகி என்ற பட்டாம்பூச்சியும் இதே கொடியில்தான் வளர்கிறது. உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் வளரும் ஒரு பட்டாம்பூச்சி இனத்தில், நஞ்சே இல்லாத பெண் பூச்சிகள் சில, சிவப்புடல் அழகியைப் போலவே வேடமிட்டுப் பறந்து பிழைக்கின்றன.

செடி அந்த நஞ்சைச் செய்வது தன்னைத் தின்னவரும் வாய்களைத் துரத்துவதற்காக. பல கோடி ஆண்டுகளாகப் பூச்சிக்கும் செடிக்கும் நடக்கும் சண்டையில் பிறந்த சரக்கு அது. மூலிகை என்று நாம் பறிப்பதில் பெரும்பாலானவற்றின் வீரியம் அங்கிருந்து வருகிறது. மாணவர்கள் இரண்டையும் சேர்த்து எண்ணுவதன் காரணமும் இதில் இருக்கிறது. கருடசலபம் தொடர்ந்து பறக்கும் காட்டில் கொடி அழியாமல் இருக்கிறது. அது காணாமல் போனால், யாரோ வேரோடு பிடுங்கிக்கொண்டிருக்கலாம், அல்லது களைக்கொல்லி அடித்திருக்கலாம். நம் விளைகளில் வேலிகள் போய் மதில்கள் வந்தபின் வேலியில் படர்ந்தவை எத்தனை போயின என்று பாட்டியிடம் கேளுங்கள், அவர் பட்டியலே சொல்வார்.

மூலிகையிலிருந்து புற்றுக்கு மருந்து வந்ததே இல்லையா என்றால், வந்திருக்கிறது. நித்தியகல்யாணி. சுடுகாட்டுப்பூ என்று நம் ஊரில் வீட்டுக்குள் சேர்க்கத் தயங்குவார்களே, அதேதான். மடகாஸ்கர் தீவின் செடி. சர்க்கரை நோய்க்கு ஜமைக்காவில் அதன் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அதைச் சோதிக்க எடுத்த கனடா விஞ்ஞானிகள் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும், எலிகளின் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைகின்றன என்று கண்டார்கள். 1958-இல் வின்பிளாஸ்டினும், சில ஆண்டுகளில் வின்கிறிஸ்டினும் கிடைத்தன. வேறு மருந்துகளோடு வின்கிறிஸ்டினும் சேர்ந்த பிறகு, ரத்தப்புற்று வந்த குழந்தைகள் பெருமளவில் பிழைத்தார்கள். டன் கணக்கில் காய்ந்த இலையை வடித்தால் கிராம் கணக்கில்தான் அது தேறும். ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை, அதுவும் ரத்தக்குழாய் வழியாக மட்டும். முதுகுத்தண்டு நீரில் தவறிப் போட்டால் உயிரே போகும். இலையை அரைத்துக் குடிப்பவருக்கு இந்த அளவை யார் பார்த்துச் சொல்வது?

பாட்டியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். மகளுக்கு ஏதாவது செய்தாக வேண்டுமே என்ற தவிப்பில் வேரைப் பிடுங்கியிருக்கிறார். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுங்கள். கீமோ நாட்களில் அம்மாவுக்கு வாய் புண்ணாகும், சோறு இறங்காது. குழைய வைத்த கஞ்சியும் ஆறவைத்த வெந்நீரும் பாட்டியைப் போல் பக்குவமாக யார் தருவார்கள்? பாம்பு கடித்தாலும் அந்தப் பொடி வேண்டாம், ஆஸ்பத்திரியில் விஷமுறிவு ஊசி இருக்கிறது.

கொடியை வெட்டாதீர்கள். வேர் கொஞ்சமாவது மிச்சமிருந்தால் மழைக்குத் துளிர்க்கும். இலையடியில் கருஞ்சிவப்பாக, முதுகெல்லாம் சதைமுள் நீட்டிக்கொண்டு ஒரு புழு தென்பட்டால் படம் எடுத்து, தேதியும் இடமும் குறித்து எனக்கும் அந்த மாணவர்களுக்கும் அனுப்புங்கள். ஐந்தாவது கீமோ முடிந்ததும் அம்மா எப்படி இருக்கிறார் என்று எழுதுங்கள்.