குளிர்காலத்தில் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஸ்டேட் பார்க்குகளுக்கு நடக்கச் செல்லலாமா?

ஓஹாயோவின் கொலம்பஸ் நகரில் குடியேறி முதல் குளிர்காலத்தைக் காண்கிறீர்கள். ஊரிலிருந்து பெற்றோரும் வந்திருக்கிறார்கள். இந்த நிலையில் ஸ்டேட் பார்க்குகளுக்கு நடக்கச் செல்வது சரிதானா, ஏப்ரல் வரை பொறுத்திருப்பது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுத்திருக்க வேண்டாம். தென்கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் ஹாக்கிங் ஹில்ஸ் என்னும் பள்ளத்தாக்குகள் நிறைந்த ஸ்டேட் பார்க்கைப் பார்ப்பதற்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. ஓஹாயோவின் ஸ்டேட் பார்க்குகளுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.

கோடையில் இப்பள்ளத்தாக்குகளில் தழை அடர்ந்து பாறையின் பெரும்பகுதியை மறைத்துவிடும். இலைகள் உதிர்ந்த பிறகுதான் பிளாக்ஹேண்ட் எனப்படும் மணற்கல்லின் அமைப்பு தெளிவாகத் தெரிகிறது. அதன் மேலடுக்கும் கீழடுக்கும் கெட்டியானவை. நடுவடுக்கு எளிதில் உதிரும் தன்மையுடையது. நீரும் உறைபனியும் அந்த நடுவடுக்கை நெடுங்காலம் அரித்துக் குடைந்ததால் உண்டானவைதான் இங்கே குகை என்று பெயர் பெற்றிருக்கும் இடங்களில் பல. மேலே கூரையாகப் பாறை நீண்டு நிற்க, முன்புறம் முழுவதும் திறந்திருக்கும் மாபெரும் தாழ்வாரங்களைப் போன்றவை அவை.

பெற்றோர் உடன் வருவதால் ஆஷ் கேவில் தொடங்குங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து குகை வரை கால் மைல் தூரத்துக்குத் தளம் போட்ட சமமான பாதை இருக்கிறது; சக்கர நாற்காலியிலும் செல்லலாம். குகை ஏறத்தாழ 700 அடி நீளமும் 90 அடி உயரமும் கொண்டது. அதன் விளிம்பிலிருந்து மெல்லிய நீர்த்தாரை ஒன்று விழுகிறது. கடுங்குளிர் தொடர்ந்து சில நாட்கள் நீடித்தால் விழும் நீர் தரையிலேயே உறைந்து கூம்பாக மேலெழும். மேலிருந்தும் பனிக்கட்டி விழுது விழுதாக இறங்கும். கூம்பின் பக்கங்கள் பால்வெண்மையாகவும், கனத்த இடங்களில் வெளிர்நீலமாகவும் தெரிவதை என் தாயார் கைப்பிடியைப் பற்றியபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கூம்பின்மீது யாரும் ஏறக் கூடாது. வெப்பநிலை உறைநிலைக்கு மேலே ஏறும் நண்பகல்களில் மேலே தொங்கும் பனிக்கட்டிகள் முன்னறிவிப்பின்றி உடைந்து விழும் என்பதால், அவற்றுக்கு நேர்கீழே நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

நன்றாக நடக்கக்கூடியவர்கள் கான்கிள்ஸ் ஹாலோவுக்குச் செல்லலாம். அது ஸ்டேட் பார்க் அன்று; மாநில அரசு இயற்கைக் காப்பகமாக அறிவித்துப் பாதுகாக்கும் இடம். பார்க் மக்கள் பொழுதுபோக்குவதற்கும் சேர்த்து அமைக்கப்பட்டது. காப்பகத்தில் செடிகொடிகளுக்கும் உயிரினங்களுக்கும்தான் முதலிடம். அதனால் அங்கே வளர்ப்பு நாய்களுக்கு அனுமதி இல்லை; குறிக்கப்பட்ட பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. இந்த விதி சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். எனக்கு அது முற்றிலும் நியாயமாகவே படுகிறது. பனியுகத்தின் பனிப்பாளங்கள் இந்த மலைகள்வரை வந்து சேரவில்லை என்றாலும், அக்காலக் குளிரில் இங்கே பரவிய ஹெம்லாக், மஞ்சள் பிர்ச் போன்ற வடபுலத்து மரங்கள், வெயில் அதிகம் எட்டாத இந்த ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் இன்றும் நீடிக்கின்றன. அவற்றின் வேர்களைப் போர்த்தியிருப்பது மெல்லிய மண்தான். பலர் மிதித்தால் அது தாங்காது.

ஹெம்லாக் மரத்தைச் சற்று நின்று பாருங்கள். அதன் சிற்றிலை ஒன்றின் அடிப்பக்கத்தில் இரண்டு வெண்கோடுகள் இணையாக ஓடும். இலை கிளையோடு சேரும் இடத்தில் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருப்பதாகத் தெரிந்தால், அது கிழக்காசியாவிலிருந்து வந்து சேர்ந்த அடெல்ஜிட் என்னும் நுண்பூச்சியின் அடையாளம். மரத்தின் சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளில் முழு மரத்தையும் அது பட்டுப்போகச் செய்துவிடும். அந்தப் பஞ்சு நன்றாகக் கண்ணில் படுவது குளிர்காலத்தில்தான். கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு பார்க் அலுவலகத்தில் சொல்லுங்கள். இந்த மரங்கள் போய்விட்டால் பள்ளத்தாக்கின் நிழலும் ஓடையின் குளிர்ச்சியும் கூடவே போய்விடும்.

புதிதாக வருபவர்கள் குளிரை நினைத்தே அஞ்சுகிறார்கள். நான் அதைவிட அஞ்சுவது காலடியில் இருக்கும் பனிக்கட்டியை. பாறையிலிருந்து கசியும் நீர் பாதையின் குறுக்கே கண்ணாடித் தகடாக உறைந்திருக்கும்; அதன்மேல் புதுப்பனி மூடியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. கல் படிகள் அதனினும் மோசம். காலணியின்மேல் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஸ்பைக்ஸ் என்னும் முள்வளையங்களை ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். விலையுயர்ந்த ஜாக்கெட்டைவிட முதலில் வாங்க வேண்டியது அதுதான். கான்கிள்ஸ் ஹாலோவின் மேல்விளிம்புப் பாதையில் செங்குத்துப் பாறைகள் சில இடங்களில் 200 அடியை நெருங்குகின்றன. ஆகவே பனி உறைந்த நாட்களில் குழந்தைகளுடன் கீழ்ப்பாதையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

உடையில் பருத்தியைத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் எளிதில் உலராது. நடை நின்றதும் உடற்சூட்டை உறிஞ்சத் தொடங்கும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, வெப்பம் காக்கும் உடை நடுவில், காற்றைத் தடுப்பது வெளியே. டிசம்பர் இறுதியில் ஐந்தே கால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்கில் அதற்கு வெகுமுன்பே இருட்டத் தொடங்கும். காலையிலேயே புறப்பட்டு, எங்கிருந்தாலும் இரண்டரை மணிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே பெரும்பாலான இடங்களில் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது, குளிரில் பேட்டரியும் விரைவில் இறங்கும். எனவே வரைபடத்தை அச்சிட்டு எடுத்துச் செல்வதோடு, போகும் இடத்தை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

தனியாகச் செல்லத் தயக்கமாக இருந்தால், ஹாக்கிங் ஹில்ஸில் ஆண்டுதோறும் ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நடக்கும் குளிர்கால நடையில் சேர்ந்துகொள்ளலாம். 1955இல், 67 வயதில், கிழக்கு அமெரிக்காவின் மலைகளில் செல்லும் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்த ஓஹாயோப் பெண்மணி எம்மா கேட்வுட் 1960களில் இந்த நடை தொடங்கக் காரணமானவர்களில் ஒருவர். அதே பார்க்கில் ஓல்டு மேன்ஸ் கேவிலிருந்து சீடார் ஃபால்ஸ் வழியாக ஆஷ் கேவ் வரையிலான ஏறத்தாழ ஆறு மைல் பாதைக்கு அவருடைய பெயரையே சூட்டியிருக்கிறார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் வரும். அமைதியை விரும்பும் உங்கள் பெற்றோருக்கு அந்த நாள் ஒத்துவராது. அவர்களை அடுத்த வாரத்தில் ஒரு வேலைநாளில் ஆஷ் கேவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.